மூன்றாவது கோர்ட், ஏழு மணி

ஹமில்ரனில் உருப்படியான பட்மின்ரன் கோர்ட்
இது ஒன்றுதான் என்கிறான் நிமலேசன்.
தரை அப்படி. ஒரு போளையை வைத்தால்
வைத்த இடத்திலேயே நிற்கும்.
கட்டினவன் விளையாட்டுக்காரன்போல, என்கிறான்.
நான் சப்பாத்து நாடாவை இழுத்துக் கட்டுகிறேன்.

தரை கமெராவுக்காகப் போட்டது.
சில்லு வைத்த கமெரா, மூன்று ஆள் பாரம்.
ஒரு நெல்லளவு மேடு இருந்தாலும்
செய்தி வாசிக்கிறவரின் முகம் வீடுகளில் துள்ளும்.
எனக்குத் தெரியும். தொண்ணூற்றொன்றில்
இரவுச் செய்தி முடிந்த பிறகு
இந்த ஸ்ரூடியோவைக் கூட்டித் துடைத்தவன் நான்.
மணித்தியாலத்துக்கு ஐந்து டொலர், கைக்காசு.

முதல் கிழமையே ஒரு ஏமாற்றம்.
ரீவியில் கிளென் மக்காலி தடவித் தடவிக் காட்டும்
ஏரிகள், பனிமேகம், அம்புக்குறி
ஒன்றும் இங்கே இல்லை.
பச்சை அடித்த வெறுஞ்சுவர்.
மூலைப் பெட்டியைக் களவாய்ப் பார்த்தபடி
இல்லாத இடத்தைத் தொட்டு
நாளைக்குக் குளிர் என்று சொல்லியிருக்கிறார் மனிதர்.
ஊரே நம்பிக் கோட்டுப் போட்டது.
நானும்தான்.

அந்த வருஷம் ஊர்க் கடிதம் வந்து சேர மூன்று மாதம்.
பிரித்தால், சுகமாயிருக்கிறோம்.
வேறொன்றும் இல்லை.

மாசியில் ஒரு பின்னிரவு
தும்புத்தடியைச் சாத்திவிட்டு
சுவருக்கு முன்னால் நின்றேன்.
வணக்கம். வானிலை அறிக்கை.
இந்தா, தோள்மூட்டுக்கு நேரே, பருத்தித்துறை.
காற்று வடகிழக்கிலிருந்து. கடல் கொஞ்சம் கடுப்பு.
சாவகச்சேரிப் பக்கம் முகில்.
கொடிகாமத்தில்
(கையை நெஞ்சுமட்டத்துக்கு இறக்கினேன்)
கொடிகாமத்தில் மழை இல்லை,
ஆட்கள் கிணற்றடிக்கு வரலாம்,
இன்றைக்கு மேலே சத்தம் ஒன்றும் இல்லை,
நாளைக்கும்
என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன்.
வாளித் தண்ணீர் ஆறிப்போயிருந்தது.

அடுத்த நாள், ரேப் அறையில் வேலைசெய்யும் டொரீன்
கோப்பியோடு வந்து நின்று
“உங்கட ஊரில நேற்று நல்ல வெயில்போல” என்றாள்.
ஒரு கமெராவை நிற்பாட்ட மறந்திருக்கிறார்கள்.
பதிந்தாளா? நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.
அதற்குப் பிறகு கதிரைகளை அவளே அடுக்கிவிட்டுப் போவாள்.

செய்தி ரொறன்ரோவிலிருந்து வரத் தொடங்கியதும்
நிலையம் கட்டடத்தைக் கைவிட்டது.
ரேப்பெல்லாம் குப்பை லொறியில் போனதாம்.
இல்லை, அழித்து மேலே ஹொக்கி பதிந்தார்களாம்.
கட்டடம் சோபா விற்றது.
கடை முறிந்து, பெயரை மாற்றி, மறுபடி சோபா விற்றது.
கானாக்காரரின் சபையொன்று பத்து வருஷம்
வெள்ளி இரவெல்லாம் மேளத்தோடு ஜெபித்தது.
சத்தம் தாண்டாத சுவரல்லவா,
அயலில் ஒருவரும் பொலிசைக் கூப்பிடவில்லை.
தொற்றுக் காலத்தில் எனக்கு ஊசி போட்டதும் இங்கேதான்,
டொரீனின் அறை இருந்த பக்கம்.
பதினைந்து நிமிஷம் இருந்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.
ஒரு மணித்தியாலம் இருந்தேன்.

இப்போது வெய்மின் நடத்துகிறாள்.
கோர்ட்டுக்கு மணிக்கு இருபத்தெட்டு டொலர்.
எனக்கு ஐந்து தந்த தரைக்கு
இருபத்தெட்டு கட்டுகிறேன், முழங்கால் தனிச் செலவு.
விளக்குகள் தொங்கிய இரும்புச் சட்டத்தைக்
கழற்றக் கூலி கூடவென்று விட்டுவிட்டாள்.
உயர்த்தி அடித்தால் பந்து அதில் போய் இருந்துவிடும்.
நாற்பத்தொன்று எண்ணினேன் ஒருநாள்,
நான் அடித்தது ஆறோ ஏழோ.

பின்சுவர் இப்போது வெள்ளை.
பழைய சுவிட்சைக் கழற்றிய இடத்தில் மட்டும்
உள்ளங்கையளவு பச்சை.
நெஞ்சுமட்டம்.

“அண்ணை, சேர்விஸ் உங்கட” என்று கத்துகிறான் நிமலேசன்.
எதிரொலி இல்லை, இந்தச் சுவர் குடித்துவிடும்.

கொடிகாமத்தில் விடிகிற நேரம்.
இருபத்தேழு பாகை, இடைக்கிடை முகில்.
கார் நிறுத்துமிடத்திலேயே ஃபோனில் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.